தாரிணி விட்ட ஸா

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே கோடை விடுமுறையில் இன்டர்நேஷனல் ஆகிவிட்டது. ஏப்ரலில் பூட்டிவிட்டுப் போனோம், ஜூனில் வந்து பார்த்தால் வாசலில் புதுப் பலகை. கட்டிடம் என்னவோ ஹைதராபாத் பேகம்பேட்டில் இருந்த அதே கட்டிடம்தான், மழை வந்தால் ஒழுகும் அதே ஸ்டாஃப் ரூம்தான். பழைய நிர்வாகம் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தது. வந்தவர்கள் முதல் வேலையாகப் பிள்ளைகள் கழுத்தில் டை மாட்டினார்கள். அடுத்து எங்கள் தகுதியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

நான் சபீனா, கணக்கு டீச்சர். வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர், நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கணக்கு எந்த போர்டில் சொல்லிக்கொடுத்தாலும் கணக்குத்தான் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். வசமாக மாட்டிக்கொண்டவள் பாட்டு டீச்சர் தாரிணி.

தாரிணி ஈரோட்டுப் பெண். சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம், பிறகு இசைக் கல்லூரியில் பட்டயம். கல்யாணமாகிக் கணவன் கிருஷ்ணகுமாரின் சாஃப்ட்வேர் வேலைக்காக ஹைதராபாத் வந்தாள். பாலாநகர் பக்கம் வாடகை வீடு. அமெரிக்காவில் என்னவோ சரிந்தது என்று 2009-ல் கிருஷ்ணகுமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் சில மாதத்து ஒப்பந்த வேலைகள். நடுவில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதங்களும் உண்டு. குடும்பம் நடந்தது தாரிணியின் சம்பளத்தில். மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள், டீச்சர் பிள்ளை என்பதால் ஃபீஸ் கிடையாது. தாரிணிக்கு வேலை போனால் அதே நாளில் பிள்ளையின் சீட்டும் போய்விடும்.

புதிதாக வந்த அகாடமிக் டைரக்டர் வேணுகோபால் நல்ல மனிதர் மாதிரிதான் பேசுவார். சிரித்துக்கொண்டே தாரிணியைக் கூப்பிட்டு, பெற்றோர்கள் எல்லாம் வெஸ்டர்ன் மியூசிக் கேட்கிறார்கள், நீங்கள் அதில் வெளிநாட்டுக்காரர்கள் வைக்கிற வாய்ப்பாட்டுப் பரீட்சையில் ஐந்தாம் கிரேடு பாஸ் செய்துவிடுங்கள், இல்லையென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். “நோ ஹர்ரி மேடம், ஒன் இயர் டைம் உந்தி” என்று கடைசியில் ஒரு கருணை வேறு. ஒரு வருஷமாம்! பத்து வயதிலிருந்து கட்டிய வீட்டை இடித்து வேறு வீடு கட்ட ஒரு வருஷம்.

பாட்டுகளை அவள் சீக்கிரம் படித்துவிட்டாள். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதுகிற அவர்களுடைய முறையையும் பிடித்துக்கொண்டாள். “எல்லாம் அதே ஏழு ஸ்வரம்தானுங்க அக்கா, சட்டைதான் வேற” என்று சொன்னாள். அவள் முட்டிக்கொண்டு நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். முன்னே பின்னே பார்த்திராத நாலு வரிப் பாட்டைக் கையில் கொடுத்து, பார்த்தவுடனே பாடு என்பார்கள். துணைக்கு வாத்தியம் கிடையாது. பாடுவதற்கு முன் பியானோவில் மூன்று கட்டையைச் சேர்த்து ஒரு தரம் அமுக்குவார்கள். அதில் கீழே கேட்பதுதான் ஸா. அப்புறம் பாட்டு தொடங்குகிற ஸ்வரத்தைத் தனியாக ஒரு தரம் தட்டுவார்கள். அது காந்தாரமாக இருக்கலாம், பஞ்சமமாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மத்தியான இடைவேளையில் அவளுக்குக் கீபோர்டு அமுக்க வேறு ஆள் இல்லை. எனக்கும் சங்கீதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எந்தக் கட்டைக்கு எந்தப் புள்ளி என்று அவள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். நான் பார்த்து அமுக்குவேன், அவள் ஒரு கையில் தயிர்சாத டப்பாவும் இன்னொரு கையில் புத்தகமுமாக நின்று பாடுவாள். அவள் பாடி முடித்ததும் அதே வரியை நான் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்துச் சரிபார்ப்பேன்.

சரியாகவே வராது. வாரக்கணக்கில் வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், பாட்டு பாட்டாகத்தான் இருக்கும். ஏறுகிற இடத்தில் ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும், கேட்க அருமையாக இருக்கும். ஆனால் நான் தட்டுவதோடு ஒட்டாது. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, அவள் பாடிய ஒவ்வொரு ஸ்வரமும் எந்தக் கட்டை என்று தேடித் தேடித் தட்டிப் பார்த்தேன்.

“ஏம்மா தாரிணி, இங்க வா. நீ பாடினதெல்லாம் புஸ்தகத்தை விட மேல இருக்கு. எல்லாமே ஒரே அளவு மேல. ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு இல்ல.”

அவள் தயிர்சாதத்தைக் கீழே வைத்தாள். “கடைசியா எதைத் தட்டுனீங்க?”

“தொடங்கற ஸ்வரத்தை. காந்தாரம்னு நீதானே ஒட்டி வெச்சிருக்க.”

“அட கர்மமே! அதைத்தானுங்க நான் ஸான்னு எடுத்துக்கறேன்.”

கர்நாடக சங்கீதத்தில் பாட்டுக்கு முன்னால் சுருதி. தம்பூராவோ பெட்டியோ, முதலில் அது நிற்கும், அது எதுவோ அதுதான் ஸா. அங்கிருந்துதான் மற்ற ஆறும் அளக்கப்படும். பாட்டு முடியும்வரை அது போகாது. இருபது வருஷமாக அவள் காது அப்படியே பழகியிருந்தது. தனியாக ஓர் ஒலி கேட்டால் போதும், ‘சரி, இதுதான் ஸா’ என்று உட்கார்ந்துவிடும். முன்னால் சேர்த்து அமுக்கியதை அது கண்டுகொள்ளவே இல்லை.

“அப்ப கடைசியா கேக்கறதை நம்பாதே, முன்னால கேட்டதைப் பிடிச்சு வெச்சுக்கோ. அவ்ளோதானே?” என்றேன் நான்.

“அவ்ளோதானுங்க” என்றாள். ஏதோ புடவைத் தலைப்பை மாற்றிப் போட்டுக்கொள்கிற விஷயம் மாதிரி நான் சொன்னதும், அவளும் பாவம் தலையாட்டியதும் இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்த வருஷம் முழுக்க அதைத்தான் செய்தோம். நான் அமுக்குவேன், அவள் கண்ணை மூடி ஸாவைப் பிடிப்பாள், நான் மற்றதைத் தட்டுவேன், அவள் ஸாவை விட்டுவிடுவாள். மறுபடியும். விடியற்காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடம் பிடித்து, சமைத்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து, எட்டாம் வகுப்புத் தடியன்களிடம் தொண்டை வற்றக் கத்தி முடித்த பிறகு, இது. சில நாள் சரியாக வரும். மறுநாள் எல்லாம் போய்விடும். ஸ்வரத்தை ஆட்டாமல் கம்பி மாதிரிப் பாடு என்று புத்தகம் சொல்லும். அவள் தொண்டை ஆடாமல் நிற்காது. வீட்டில் பழகலாம் என்றால் மகள், “மம்மீ, ப்ளீஸ், ஹோம்வொர்க் சேஸ்குன்டுன்னானு” என்று தெலுங்கில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாளாம்.

“எனக்கு அலுத்துப் போச்சுங்க அக்கா” என்று ஒருநாள் கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். பத்துக் கட்டை ஒன்றாக அலறியது. அவள் தலையை எடுக்கவில்லை. “சுருதியே இல்லாம வெறுங்காத்துல நிக்கச் சொல்றாங்க. எதைப் பிடிச்சுட்டு நிக்கறதுங்க? சுருதியில சேர்றதுக்குத்தானே பாட்டே கத்துக்கிட்டேன்?”

“நக்கோம்மா, இந்தப் பேச்செல்லாம் வேணாம். சேர்றதெல்லாம் வீட்ல வெச்சுக்கோ. இங்க வேலையும் பிள்ளை சீட்டும் நிக்கணும். எழுந்திரு” என்றேன். எழுந்தாள். வேறு என்ன செய்வாள்?

பரீட்சை 2011 அக்டோபரில் வந்து சேர்ந்தது, அதுவும் தெலங்கானா கேட்டு ஊரே ஸ்தம்பித்திருந்த நேரத்தில். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நிலக்கரி வெட்டுகிறவர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பரீட்சை வைக்கிறவர் விமானம் ஏறி வந்துவிட்டார், அதனால் பரீட்சை உண்டு. ஒரு ஆட்டோக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி செகந்திராபாதில் பரீட்சை நடக்கிற ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வெளியே பெஞ்சில் சின்னச் சின்னப் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள். இவள் ஒருத்திதான் புடவை கட்டிக்கொண்டு பரீட்சை எழுத வந்தவள். ‘உங்க குழந்தை எந்த கிரேடு?’ என்று ஒரு அம்மா இங்கிலீஷில் கேட்டாள். “நாந்தான் குழந்தை” என்று தாரிணி சிரிக்காமல் பதில் சொன்னாள்.

பெயர் கூப்பிட்டார்கள், உள்ளே போனாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஏசி நின்று உள்ளே வெந்திருக்கும் போல, யாரோ கதவைத் திறந்து வைத்தார்கள். பியானோ முன்னால் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர், எதிரே கையில் காகிதத்தோடு தாரிணி. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அந்த நாலு வரி.

அவர் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கினார். தாரிணி கண்ணை மூடினாள். தொடங்குகிற ஸ்வரத்தைத் தனியாகத் தட்டினார். அவள் அசையவில்லை. பிடித்துவிட்டாள், அல்லாஹ்வே, பிடித்துவிட்டாள் என்று நான் நினைத்த அதே நொடியில், கட்டிடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

ம்ம்ம்ம் என்று ஒரே சீராக எழுந்து சுவர், பெஞ்சு, தரை எல்லாவற்றிலும் அது நின்றது. யார் போட்டானோ, அவன் கையில் கரப்பான் ஓட! தாரிணியின் தோள் இறங்குவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், பாடினாள். அந்த நாலு வரியும் ஜெனரேட்டரோடு போய் உட்கார்ந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே அது தெரிந்தது. அத்தனை மாதம் அவள் பாடிக் கேட்டதில் அவ்வளவு நன்றாக எதையும் கேட்டதில்லை. பெஞ்சில் இருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. போச்சு, வேலை போச்சு.

அந்த வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். இந்தச் சத்தத்தில் கஷ்டம்தான், நான் மறுபடி கொடுக்கிறேன், இன்னொரு தரம் பாடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். திரும்ப மூன்று கட்டை, திரும்பத் தொடங்குகிற ஸ்வரம். ஜெனரேட்டர் நிற்கவில்லை. தாரிணி கண்ணைத் திறந்து காகிதத்தைப் பார்த்தாள். பிறகு பாடினாள். ஆடாமல், நேராக, புத்தகம் கேட்கிற மாதிரி. ஒவ்வொரு ஸ்வரமும் அந்த இரைச்சலோடு உரசிக்கொண்டே போனது. பல் கூசியது எனக்கு. அவர் தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தவள் நேராகப் போய் வாசல் படியில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு?”

“பாஸ்தானுங்க அக்கா. ரெண்டாவது தரம் பாடுனது சரி.”

“அப்புறம் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? நல்ல சேதிய நல்லாச் சொல்லேன்!”

“முதல்ல பாடுனது தப்புன்னு பாடும்போதே தெரியும். ஆனா அதுதானுங்க சேர்ந்துச்சு. விட மனசு வரல. வருஷம் பூரா கழுத்தைப் பிடிச்சு வெச்சிருந்துட்டு, அப்பதான் கொஞ்சம் உக்காந்த மாதிரி இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டாவது தரம், ரூம் பூரா அவ்வளவு பெரிய ஸா நிக்குதுங்க. அது காதுல விழுந்துட்டே இருக்கு. அதுல சேராம பாடுனேன். தெரிஞ்சே பாடுனேன். வேணும்னே அபஸ்வரமா பாடுனது என் வாழ்க்கையிலேயே இன்னைக்குத்தானுங்க. அவரு அதுக்கு ‘வெரி குட்’டுன்னாரு.”

“ஜெனரேட்டரெல்லாம் ஒரு சுருதியா? போம்மா!” என்று திட்டினேன். அவள் கொஞ்சம் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களைக் கொண்டுவந்த ஆட்டோக்காரன் எப்போதோ போயிருந்தான்.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. பாஸ். வேணுகோபால் எல்லார் முன்னிலையிலும் கைதட்டச் சொன்னார், தாரிணி பெயரை விளம்பரத்தில் போடப்போவதாகவும் சொன்னார். வேலை நின்றது, பிள்ளையின் சீட்டும் நின்றது. நான் ஜிலேபி வாங்கிக்கொண்டு மியூசிக் ரூமுக்குப் போனேன். அவள் வெறுமனே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“இப்பவாவது சந்தோஷமா?”

“சந்தோஷந்தானுங்க, இல்லாம? எங்க வீட்டுக்காரருக்கும் நேத்துதான் கான்ட்ராக்ட் முடிஞ்சுது.” ஜிலேபியைப் பிட்டாள், வாயில் போடவில்லை. “ஆனா ஒண்ணுங்க அக்கா. அன்னைக்குச் சேராம பாடறப்ப கஷ்டமா இருந்திருந்தா பரவால்லைங்க. ரெண்டாவது வரியில இருந்து சுலபமா வந்துருச்சு.”

மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள்.