பின் சக்கரத்துக் கனம்

அக்டோபர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 7.21க்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். சிவநேசனாகிய நான். என் மருமகள் மோகனா. எதிர்வீட்டு நூர்ஜான். சைக்கிள் பழுது பார்க்கும் ஐமான். நால்வரும் இன்றும் பினாங்கில்தான் இருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் தஞ்சோங் தோக்கோங்குக்கு வந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். யாரோ சொல்லக் கேட்டதை நான் எழுதவில்லை. வண்டியை ஓட்டி வந்தவன் நான்.

ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். டயர் பிதுங்குவதைப் பார்த்தே பாரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மேடையின் முள் என்னை மறுத்தது அபூர்வம். எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. அப்படிப் பேச நான் இடம் கொடுத்ததும் இல்லை. என் மகன் ஹரீஷ் மூன்று வருடமாக வீட்டில் இல்லை. கப்பலில் வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தேன். வீட்டில் நானும் மோகனாவும் மட்டும். இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி. சாப்பிடும்போது மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

மோகனா பத்து ஃபெரிங்கியில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஒன்பது கிலோமீட்டர். போய்வர பேட்டரி சைக்கிள். மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். வழி முழுவதும் கடல். இந்த வண்டிகளுக்கு மழையைவிட உப்புதான் எமன். அதனால் அவள் வந்து இறங்கியதும் வண்டியை நான் வாங்கிக்கொள்வேன். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி. குழாயைப் பீய்ச்சக்கூடாது, மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். பேட்டரியைக் கழற்றி, அதன் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து கிரீஸ் தடவுவேன். செயினுக்கு எண்ணெய். டயருக்குக் காற்று. கழற்றும் முன் திரையில் பேட்டரி எத்தனை கட்டம் மீதி என்று பார்த்துக்கொள்வேன். காலையில் ஐந்து. போக ஒன்று, வர ஒன்று. மாலையில் மூன்று. இரண்டு வருடத்தில் இது மாறியதில்லை.

செப்டம்பர் 12, மாலை 7.10. பலத்த மழை. மீதி ஒரு கட்டம்.

"ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"எதிர்க்காத்து மாமா."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் நின்று யோசித்தேன். காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பத்து ஃபெரிங்கியிலிருந்து வருகிறவருக்கு அது முதுகைத் தள்ளும் காற்று. பேட்டரி மிச்சமாகியிருக்க வேண்டும்.

அடுத்த மழை 15ஆம் தேதி. மீண்டும் ஒரு கட்டம். பின் டயரில் காற்று பாதி. ஒரு ஸ்போக் உடைந்திருந்தது. ஐமானைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அங்கிள், பின்னால ஆளு ஏத்துறீங்களா? இது ஒத்த ஆளு வண்டி லா. கேரியர்ல காய்கறி வைக்கலாம், மாப்பிள்ளைய வைக்கக்கூடாது."

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

மழை இல்லாத நாட்களில் மூன்று கட்டம். மழை நாட்களில் ஒன்று. 26ஆம் தேதி நூர்ஜான் கேட் அருகே வந்து நின்றாள். அவளுக்கு வயது அறுபதுக்கு மேல். மாலையில் அவள் வீட்டு ஜன்னலைத் தாண்டாமல் யாரும் எங்கள் தெருவுக்குள் வர முடியாது.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. மோகனா பின்னால ஒரு ஆள ஏத்திக்கிட்டு வருது. மூணு தடவ பாத்துட்டேன். ஹெல்மெட் கூட இல்ல அந்த ஆளுக்கு. போலீஸ் பாத்தா சம்மன் லா."

"எங்க இறங்குறான்?"

அவள் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அதான் அண்ணே... இறங்கிப் பாக்கல. உங்க வாசல் வரைக்கும் இருக்காரு. அப்புறம் இல்ல."

"வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நா யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றாள். சந்தையில் நான்கு பேரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"பின்னால யாரு?"

"யாரும் இல்ல மாமா."

"டயர் பொய் சொல்லாது. நான் முப்பத்தொரு வருஷம் டயர் பாத்தவன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"கனமாத்தான் இருக்கு மாமா. மழ பெஞ்சா மட்டும். அந்தப் பழைய பஸ் ஸ்டாப் வளைவு தாண்டினதும் யாரோ ஏறி உக்கார்ற மாதிரி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் காத்துன்னு சொன்னேன்."

நான் நம்பவில்லை. புருஷன் பக்கத்தில் இல்லாத பெண். ஊர் வாய் திறந்தாகிவிட்டது. அவளிடம் இப்படிச் சொன்னேன்: அடுத்த மழை நாளில் ஓட்டலிலிருந்து வண்டியை நான் ஓட்டி வருவேன். நீ பஸ்ஸில் வா. நீ சொன்ன கனம் இருந்தால் சரி. இல்லையென்றால், ஆயர் ஈத்தாமில் இருக்கும் உன் சித்தி வீட்டுக்குப் போய்விடு.

"சரி மாமா," என்றாள். அவளுக்கு அந்தச் சித்தியை விட்டால் யாரும் இல்லை. சித்தியின் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர்.

அக்டோபர் 3. மதியமே வானம் கறுத்துவிட்டது. ஐமானையும் நூர்ஜானையும் ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்கச் சொன்னேன். சாட்சி இல்லாமல் நான் எதையும் எடை போட்டதில்லை. ஓட்டலுக்குப் போய், இரண்டு டயருக்கும் என் கையால் காற்று அடித்தேன். கேரியரைத் துடைத்தேன். சக்கரத்தைச் சுழற்றி பிரேக்கைப் பார்த்தேன், சுத்தம். மோகனா ஐம்பத்தெட்டு கிலோ, நான் அறுபத்தொன்று. பெரிய வித்தியாசம் இல்லை. திரையில் நான்கு கட்டம். மோகனா ஆறரைக்கு முன்னாலேயே கிளம்பிய பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

6.32. கிளம்பினேன்.

6.40. மழை பிடித்தது. இடது பக்கம் பாறைக்குக் கீழே கடல் மோதும் சத்தம். உதட்டில் உப்பு. காற்று மழையைக் கொண்டுவந்து என் முதுகில் அறைந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. வண்டி மணிக்குப் பதினாறு கிலோமீட்டரில் ஓடியது. இலேசாக ஓடியது. எனக்குக் கோபம் வந்தது. மோகனா பொய் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே மிதித்தேன்.

6.47. வளைவு. பழைய பஸ் ஸ்டாப். உள்ளே யாரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். யாரும் இல்லை.

தாண்டினேன்.

டக்.

கேரியர் கம்பி அழுந்தும் சத்தம். வண்டி பின்னால் அமிழ்ந்தது. பதினாறு கிலோமீட்டர் வேகம் பத்தானது. மோட்டார் முனகியது.

நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று தோன்றியது. ஐம்பது கிலோ இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பழக்கம்.

6.53. மூன்று கட்டம் இரண்டானது. மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. ஐம்பது இல்லை. எழுபது. அது ஏறி உட்கார்ந்த பிறகும் கனம் கூடிக்கொண்டே வந்தது.

பின்னால் ஒரு சத்தம். சர்... சர்... பிரேக் கட்டையில் மணல் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். கடலோரத்தில் அது சகஜம். வீட்டுக்குப் போனதும் கழுவவேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது ஆறுதலாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது.

மழை நிற்கவில்லை. என் கைகளில் விழுகிறது. தொடையில் விழுகிறது. காற்று அதே மேற்குக் காற்று.

ஆனால் முதுகில் மழை விழவில்லை.

"யாரு?" என்று கேட்டேன்.



சர்... சர்...

7.04. தஞ்சோங் பூங்கா. சிவப்பு விளக்கு. காலை ஊன்றி நின்றேன். சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மழைச் சட்டை போட்ட மலாய்க்காரப் பையன். அவன் திரும்பிப் பார்த்தான்.

என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"பாக்சிக், காக்கி தூ. ஜாகா," என்றான்.

பெரியவரே, அந்தக் கால், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

என் இரண்டு காலும் அசையாமல் இருந்தன.

விளக்கு பச்சையானது. அவன் போய்விட்டான். நான் மிதித்தேன்.

சர்... சர்...

அது மணல் இல்லை. தரையில் கால் உரசிக்கொண்டு வருகிறது.

ஒரு கட்டம்.

7.13. கட்டமே இல்லை. மோட்டார் நின்றது. மிதித்தேன். எழுபத்திரண்டு வயதில், அந்தக் கனத்தையும் சேர்த்து மிதித்தேன். இறங்கித் தள்ளலாம் என்ற எண்ணம் வந்தது.

இறங்கினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மிதித்தேன்...

7.21. என் வாசல். விளக்கு எரிந்தது. மூன்று பேர். நூர்ஜான் இரண்டு அடி பின்னால் நகர்ந்து ஓத ஆரம்பித்தாள். ஐமானின் முகத்தில் சிரிப்பு இல்லை. மோகனா மட்டும் நேராக வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள்," என்றான் ஐமான். "மெதுவா... முன்பக்கமாவே இறங்குங்க."

இறங்கினேன். வண்டியில் இப்போது யாரும் இல்லை. நால்வரும் பார்த்தோம். பின் டயர் எழும்பவில்லை. ரிம் தரையைத் தொட்டபடி இருந்தது. மூன்று ஸ்போக் உடைந்து தொங்கியது.

அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை மட்டும்.

7.34க்கு டக் என்றது. டயர் மெல்ல எழும்பியது.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று ஐமான் கேட்டான்.

"நீங்க வரும்போது இருந்தாரு. இப்ப இல்ல," என்றாள் நூர்ஜான். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

வீட்டுக் கதவுக்கு உட்புறம் ஒரு பெட்டி இருந்தது. மோகனா தன் துணிகளை அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தாள். நான் எப்படித் திரும்பி வந்தாலும் அவளை நம்பமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

"பெட்டிய உள்ள வை," என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எடுத்து வைத்தாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

ஐமான் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தான். ஒரு பொட்டு மணல் கூட இல்லை. புது ஸ்போக் போட்டு, கேரியரையே கழற்றி எடுத்துவிட்டான். உட்கார இடம் இல்லையென்றால் யார் ஏறுவார்கள் என்பது எங்கள் யோசனை. அது சரியாகவும் இருந்தது. அக்டோபர் 9, நல்ல மழை. மோகனா வந்து இறங்கினாள். மூன்று கட்டம் மீதி. டயர் கல் மாதிரி இருந்தது. கனமே இல்லை என்றாள். நான்கு வாரத்தில் அன்றுதான் அவள் முகம் தெளிந்திருந்தது. அவள் குளிக்கப் போனதும் நூர்ஜான் வந்தாள். குடை பிடித்திருந்தாள், ஆனாலும் நனைந்திருந்தாள்.

"அண்ணே, மோகனாகிட்ட சொல்லாதீங்க. இன்னிக்கி அந்த ஆளு வண்டியில இல்ல."

"தெரியும். கேரியரைக் கழட்டியாச்சு."

"பின்னால நடந்து வந்தாரு அண்ணே."

நான் அவளைப் பார்த்தேன்.

"வண்டி வேகமாத்தான் வந்துச்சு. அவரு நடந்துதான் வந்தாரு. ஆனா தள்ளிப் போகவே இல்ல. ஒரு கை தூரம்."

அடுத்த நாளிலிருந்து மோகனாவை அந்த வண்டியை நான் தொடவிடவில்லை. வண்டி ஸ்டோர் அறையில் கழுவித் துடைத்து நிற்கிறது. இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. மோகனா பஸ்ஸில் போய்வருகிறாள். மழை நாளில் நான் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்கிறேன். அவள் இறங்கும்வரை நிற்கிறேன். அவளுக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றும் பார்க்கிறேன்.

இனி இதை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன்.

மோகனா மீது இருந்த பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பதில் வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கப்பலில் போன என் மகன் கடலில் செத்துவிட்டானாம். அவன் ஆவிதான் பெண்டாட்டிக்குத் துணையாக வீடுவரை வருகிறதாம். போன வாரம் கோயிலிலிருந்து இரண்டு பேர் வந்து கருமகாரியம் செய்யவில்லையா என்று கேட்டார்கள். மோகனாவின் கழுத்தைப் பார்த்து, தாலியை எப்போது கழற்றப்போகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். மோகனா என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஹரீஷ் சாகவில்லை. அவன் எந்தக் கப்பலுக்கும் போகவில்லை. கிள்ளானில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் செய்கிறான். ஒரு குழந்தையும் இருக்கிறது. கப்பல் என்று சொன்னது நான்தான். மூன்று வருடம் சொன்னேன், மோகனாவையும் சொல்ல வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தான், பேசினான், நன்றாக இருக்கிறான்.

பின்னால் உட்கார்ந்து வந்தது என் மகன் இல்லை. அது யார் என்று எனக்குத் தெரியாது.