பின்சுவரில் ஒரு ஓட்டை

ஸ்டான்லி அக்ராய்டை இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் எங்கள் தெருவில் தெரியாதவர் கிடையாது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். எதிர்வீட்டுக்காரன், வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் புகைக்குழாயை வாசல் பக்கம் நீட்டப் பார்த்தபோது, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, தெருப்பக்கம் ஒரு குழாயும் தலைநீட்டக் கூடாது என்று நகராட்சியில் விதியே போட வைத்தவர். குழாய்மேல் அப்படியென்ன கோபம்? எதிர்வீட்டுக்காரன் கட்டிக்கொண்டது இவருடைய பழைய காதலியை என்று பேச்சு. நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

போன ஜனவரியில், பனி கொட்டுகிற நேரம் பார்த்து, ஸ்டான்லி வீட்டு பாய்லர் செத்துப்போனது. மாடியில் மனைவி டோரீன் இருமிக்கொண்டு கிடந்தாள். இடுப்பு போனதிலிருந்து அவளால் படி இறங்க முடியாது. கோடையில் சமையலறையின் பின்சுவரை இடித்து, அவளுக்காகக் கீழேயே ஒரு அறை கட்டுவதாகத் திட்டம்.

குளிர்காய என் மின் அடுப்பை இரவல் கொடுக்கப் போனபோது, ஸ்டான்லி பக்கத்தில் நிற்க, பாய்லர்காரன் டேரன் அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"புது பாய்லரை இங்க மாட்டுனா இன்னைக்கே சூடு வந்துரும், தலைவரே. ஆனா குழாய் பின்னாடி வெளிய நீட்டணும். அப்புறம் அங்க ரூம் கட்டினா, புகை அம்மா கட்டில்மேலதான் போகும்."

"வேற வழி?"

"வாசல் பக்கம் சுலபம். ஆனா இந்தத் தெருவுல கூடாதாமே. எவனோ வேலவெட்டி இல்லாதவன் கையெழுத்து வாங்கித் திரிஞ்சிருக்கான்."

நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"கூரை வழியா விட்டா?" என்றார் ஸ்டான்லி.

"உத்திரம் பூரா உளுத்திருக்கு. பிரிச்சுக் கட்ட ஏப்ரல் ஆயிரும்."

"இப்ப இங்க மாட்டிட்டு, ஏப்ரல்ல மாத்திக்கலாமா?"

"மாத்தலாம். கூரைக்கும் செலவு, பாய்லர் மாட்ட ரெண்டு தடவ செலவு. ரூம் கட்ட என்ன மிஞ்சும்?"

மேலே இருமல் தொடங்கி, நிற்காமல் போனது. ஸ்டான்லி அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்குக் குனிந்து மின் அடுப்பின் வயரைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"இங்கயே போடுப்பா," என்றார்.

துளைக்கும் சத்தம் வீட்டையே உலுக்கியது. நின்றதும் மேலிருந்து குரல் வந்தது.

"ஸ்டான், எந்தச் சுவரு?"

அவர் முதல் படியில் போய் நின்றார்.

"பின்சுவருதான், கண்ணு."

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

"சரி," என்றாள் டோரீன். "கீழ கதவச் சாத்து. குளிரு மேல ஏறுது."