ஏழாவது கடை

எங்கள் பெரியப்பா ஒரு சாயக்கடைக்குள் நுழைந்தால், டீ குடிக்க நுழைகிறாரா இல்லை யாருடைய கல்யாணத்தையாவது தீர்மானிக்க நுழைகிறாரா என்று சொல்ல முடியாது. சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும், எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வர அவரைத்தான் அனுப்புவார்கள். ஜாதகக்காரர் சரி என்று சொன்ன பிறகும் பெரியப்பா தலையை ஆட்டவில்லை என்றால் அந்த வரன் அதோடு போயிற்று.

அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவே மாட்டார். அந்த ஊர்ச் சாயக்கடையில் போய் உட்காருவார். முதலில் சாயாவும் கடியும் சொல்வார். கடி என்றால் வடையோ பழம்பொரியோ, கூட வைத்துக் கடிக்க ஏதோ ஒன்று. சாப்பிடாதவன் கேட்டால் கடைக்காரன் வாயைத் திறக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. பாதி வடை தீரும்வரை மழையைப் பற்றிப் பேசுவார். மீதிப் பாதிக்குத் தேங்காய் விளைச்சல். டம்ளர் காலியாகிற நேரத்தில், திடீரென்று ஞாபகம் வந்தவரைப் போல, "ஏனுங்க, இந்த ஊர்ல இன்னார் பையன் ஒருத்தன் இருக்கறானாமா..." என்று இழுப்பார். ஒரு கடையில் சொன்னதை நம்ப மாட்டார், ஏழெட்டுக் கடையாவது ஏறி இறங்குவார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவருக்குச் சோறு வைக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் கடைசித் தங்கை, என் அத்தை. இருபத்தெட்டு வயதாகியும் அண்ணன்மார் இருவருக்கும் அவள் 'பாப்பா'தான். சித்தூர் கவர்மெண்ட் காலேஜில் படித்துவிட்டு, ஆராய்ச்சி செய்ய போர்ச்சுகல் நாட்டில் கோயிம்பிரா என்ற ஊருக்குப் போயிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டு எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவள் கோயமுத்தூரில்தான் இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தேருக்குக்கூட வரவில்லையே என்று அவர்களுக்கு மனத்தாங்கல் வேறு.

அங்கே தன்னோடு ஆராய்ச்சி செய்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அத்தை ஒரு நாள் போனில் சொன்னாள். அவர் ஏலப்பாறைக்காரர். அவருடைய அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். பிறந்து வளர்ந்தது லயத்தில், தொழிலாளர்களுக்காக ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். வயலும் தென்னந்தோப்புமாக இருந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. அவர் இல்லையென்றால் யாருமே வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஒரு மாதம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடைசியில், பெரியப்பா நேரில் போய் விசாரிக்கட்டும், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று ஆயிற்று.

அத்தைக்கு ஆராய்ச்சியின் கடைசித் தேர்வு வந்ததை ஒரு சாக்காக வைத்துப் பெரியப்பா கிளம்பினார். அவருக்கு இங்கிலீஷ் வராது. அப்பாவால் அறுவடையை விட்டு வர முடியாது. எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. இங்கிலீஷ் ஒப்புவித்தல் போட்டியில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு வாங்கியிருந்தேன். அந்தத் தகுதியில் என்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போனார்.

கோயிம்பிரா ஒரு குன்றின் மேல் இருக்கிற ஊர். உச்சியில் பழைய பல்கலைக்கழகம், அடியில் ஆறு, நடுவில் முழுக்கச் சந்தும் படியும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரே பின்னலை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். பிறகு பெரியப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள்.

"எனக்கு இன்னைக்குப் பூரா படிக்கற வேலை இருக்குதுங்கண்ணா. நீங்க ரெண்டு பேரும் நடந்தே சுத்திப் பாருங்க. எந்தக் கடைல என்ன சாப்பிடறதுன்னு வரிசையா எழுதியிருக்கறேன்."

தாளில் கையால் வரைந்த வழி இருந்தது. மேலிருந்து கீழே ஒன்று முதல் எட்டு வரை கடைகள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பலகாரம். ஏழாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். அங்கே ஒன்றும் நன்றாக இருக்காது என்றாள். முடிவாகும் முன்னால் மாப்பிள்ளையை நேரில் பார்ப்பது பெரியப்பாவின் சட்டத்தில் இல்லை. அதனால் மாப்பிள்ளையை அன்றைக்கு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று அத்தை கட்டிப் போட்டிருந்தாள். அவருடைய போட்டோ ஒன்று பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

வெள்ளை வேட்டி, மேலே அப்பாவின் கல்யாணக் கோட்டு, காலில் புது ஷூ. இந்தக் கோலத்தில் பெரியப்பா நடக்க, தாளைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். "ஒரு ஊருக்கு இத்தனை வக்கீல் ஆகாது அம்மிணி" என்றார் பெரியப்பா.

முதல் கடையில் காபி வந்தது. கட்டை விரல் பருமனுக்கு ஒரு கோப்பை. ருசி பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதை ஒரே வாயில் ஊற்றிக்கொண்டு, நிஜக் காபிக்காகப் பெரியப்பா ரொம்ப நேரம் காத்திருந்தார். இரண்டாவது கடையில் காகிதம் போல மெல்லிய மாவுக்குள் முட்டையின் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வைத்துச் சுருட்டிய பலகாரம். மூன்றாவதில் ஏலக்காய் போட மறந்த பன் ரொட்டி. அப்படித்தான் பெரியப்பா சொன்னார். ஒவ்வொரு கடையிலும் முறை தவறாமல் முதலில் மழையைக் கேட்டார். அடுத்தது தேங்காய். நானும் விடாமல் மொழிபெயர்த்தேன். தேங்காய் என்றதும், பாவம், ஊர் ஞாபகத்தில் கேட்கிறார்கள் என்று நினைத்து உள்ளேயிருந்து தேங்காய்ப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் தின்றோம். அதற்குப் பிறகுதான் போட்டோ வெளியே வரும்.

ஆச்சரியம் என்னவென்றால் எல்லாக் கடையிலும் மாப்பிள்ளையைத் தெரிந்திருந்தது. ஒரு கடைக்காரம்மாவின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். இன்னொரு கடையில் மாவு மூட்டையைத் தூக்கப் பிடித்து உதவுவாராம். தங்கமான பையன் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தைக்காக எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் பெரியப்பாவின் முகம் கடைக்குக் கடை இறுகிக்கொண்டே வந்தது.

நாலாவது கடை முடிந்து கீழே இறங்கும்போது, முதுகை ஒடிக்கிற படி என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்திருக்கும் செங்குத்தான படிக்கட்டில் அவர் உட்கார்ந்துவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாமே பாப்பா சொன்ன கடை. பாப்பா சொன்னதைத்தான சொல்லுவாங்க" என்றார். பிறகு ஏழின் மேல் விரலை வைத்தார். "இதை எதுக்கு அடிச்சிருக்கறா?"

"அங்க நல்லாருக்காதுன்னு அத்தை சொன்னாங்க பெரியப்பா."

"அப்ப அங்கதான் போகோணும். எந்திரி."

ஐந்தையும் ஆறையும் விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போனோம். ஆற்றுப் பக்கம் ஒரு சந்துக்குள் நாலே மேஜை போட்ட சாப்பாட்டுக் கடை. முதலாளிக்குப் பெரிய தொந்தி, அதன்மேல் ஒரு ஏப்ரன். கறுப்பு மண்சட்டியில் ஆட்டுக்கறி வந்தது. அது சிவப்பு வைனில் மணிக்கணக்காக வெந்தது என்று மெனு அட்டையில் இங்கிலீஷில் போட்டிருந்தது. பெரியப்பாவின் தோப்பில் வருஷம் முழுக்கக் கள் இறக்குவார்கள், அவர் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. இதில் என்ன போட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார். பூண்டு, மிளகு, திராட்சை என்றேன். திராட்சை என்பதில் பொய் ஏதும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "திராட்சை நல்லாப் புடிச்சிருக்குது" என்றார்.

மழை ஆயிற்று, தேங்காய் ஆயிற்று. போட்டோ வெளியே வந்தது.

முதலாளி அதைப் பார்த்ததும் கத்தினார். அடுப்படியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு இங்கிலீஷ் நாலே வார்த்தைதான் தெரியும், ஆனால் சந்தோஷம் நாற்பது வார்த்தைக்கு இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் இங்கேதான் என்றார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். இடது உள்ளங்கையைத் தட்டாக விரித்து, வலது கையால் அதன்மேல் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். தட்டுகள் எவ்வளவு உயரம் என்று தாடை வரை கையை உயர்த்திக் காட்டினார். ஒரு தட்டுகூட உடைந்ததில்லை என்று விரலை ஆட்டினார். கடைசியில் தன் விரல் நுனிகளுக்கே ஒரு முத்தம் கொடுத்துக்கொண்டார்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு அதற்கு முந்தின வருஷம் வந்த ஒரு நல்ல வரன் தட்டிப்போயிருந்தது. பையன் படிக்கிற காலத்தில் கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுக்கப் போனான் என்று தெரிந்ததுதான் காரணம். கண்டுபிடித்துச் சொன்னவர் இதே பெரியப்பா. அதைக் கேட்டு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்ததை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அத்தை ஏன் கோடு போட்டு அடித்தாள் என்று இப்போது புரிந்தது. ஊரான் எச்சில் தட்டைக் கழுவுகிறார் என்று நான் சொல்லிவிட்டால் அத்தை கதை அந்த மேஜையிலேயே முடிந்துவிடும். உலகத்தில் எனக்கு அத்தையைவிட யாரையும் பிடிக்காது.

"என்னவாமா?" என்றார் பெரியப்பா.

"ரொம்பச் சுத்தமான ஆளாமாங்க பெரியப்பா" என்றேன். அது போதாது போலிருந்தது. "அவரு கை பட்டா எல்லாமே பளபளன்னு ஆயிருமாமா."

பெரியப்பா முதலாளியின் சுருட்டிய சட்டைக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காது சுட்டது.

"இன்னொருக்கா சொல்லு அம்மிணி."

சொன்னேன். யாரையும் கும்பிட்டே பழகின பெரியப்பா எழுந்து, முதலாளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே வந்தார். எட்டாவது கடையில் போட்டோவை எடுக்கவே இல்லை. எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். திரும்பி மேலே ஏறும்போது படியில் மூச்சு வாங்க நின்று மறுபடியும் கேட்டார்.

"அந்த ஓட்டல்காரன் என்ன சொன்னான்?"

"சுத்தமான ஆளுன்னாருங்க. கை பட்டா எல்லாமே பளபளன்னு ஆயிரும்னாருங்க."

உதட்டை அசைத்துக்கொண்டே நாலு படி ஏறினார். நின்றார். மூன்றாவது தடவையும் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. வாயில் ஐஸ்கிரீம் இருந்ததால் தப்பித்தேன்.

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். "கறியெல்லாம் நல்லாத்தான் பண்றாங்க பாப்பா. காப்பிதான் பத்தலை" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா படுக்கப் போய்விட்டார். அந்தத் தாளில் கறி ஏழாவது கடையில் மட்டும்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அத்தையின் கண் என் பக்கம் திரும்பியது. நான் ஷூவைக் கழற்றுகிறவளைப் போலக் குனிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்த அன்று பெரியவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் அதே கதவோரம் நின்றேன். பெரியப்பா தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"விசாரிச்சுப்போட்டனுங்க. ரொம்பச் சுத்தமான ஆளு. அவன் கை பட்டா எல்லாமே பளபளன்னு ஆயிருமாமா. நம்ம சொந்தக்காரன் ஆரும் சொல்லலை, அந்த ஊர் ஓட்டல் மொதலாளியே சொன்னாரு. நம்ம அம்மிணிதான் கேட்டுச் சொல்லுச்சு."

பெரியப்பா சொன்ன பிறகு மறுபேச்சு ஏது. ஆவணியில் சித்தூரில் கல்யாணம் நடந்தது. ஏலப்பாறையிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். மாமாவின் அம்மா அத்தையின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. என் பொய்யை நம்பிப் பெரியப்பா, அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாறாத பெரியப்பா, ஊர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டபோதெல்லாம், ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றியவள் என்ற குறுகுறுப்போடுதான் உட்கார்ந்திருப்பேன். மாமாவும் அத்தையும் எவ்வளவு நன்றாக வாழ்ந்தாலும் அது போகவில்லை.

போன வருஷம் வேலைக்காக, பாஷை தெரியாத ஒரு ஊருக்குப் போயிருந்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண்ணிடம் ஒரு உள்ளங்கையை விரித்து, மறு கையால் அதன்மேல் சுற்றித் தேய்த்துக் காட்டினேன். அவள் அடுத்த நொடியே சோப்பை எடுத்து நீட்டினாள். நான் அதை வாங்காமல் நின்றேன். அந்தத் தொந்திக்காரர் காட்டியதைப் புரிந்துகொள்ள உலகத்தில் யாருக்குமே மொழிபெயர்ப்பு வேண்டியிருந்திருக்காது. பெரியப்பாவுக்கும் கண் இருந்தது. படியில் நிற்க வைத்து மூன்று தடவை கேட்டாரே, அது என்மேல் சந்தேகப்பட்டு அல்ல. ஊரில் போய் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.