படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி

ஆகஸ்ட் 15, காலை 5.40. பெரிய முதலியார்சாவடி நிறுத்தத்தில் மரக்காணம் பேருந்துக்காக நின்றிருந்தேன். இருபத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். நான் வழக்கமாகத் தங்கும் விடுதியின் உரிமையாளர் எதிர்ப்பக்கம் வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபாரினர் யாரும் ரெண்டு நாளைக்கு வெளிய வரக்கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க சார். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்க. குயிலாப்பாளையம் பூரா இதே கதைதான்."

"எதுக்காம்?"

"சுதந்திர தினம் இல்ல?" என்றார், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல.

அனுமந்தை தாண்டி ஒரு காவலர் பேருந்தில் ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு இறங்கினார். வெள்ளைக்காரர் யாரும் இல்லை. 6.45க்கு மரக்காணம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயரை விடுவது குழம்பில் உப்பை விடுவது மாதிரிதான். ஆனாலும் விடுகிறேன்.

போன பிப்ரவரியில் எல்சா என்ற நார்வேக்காரரை நான்தான் இந்த ஊர் உப்பளத்துக்கு அழைத்து வந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. உப்பு எப்படி விளைகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். அங்கே கூலி வேலை செய்யும் அருள்மேரி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். எல்சா அவரிடமிருந்து பலகையை வாங்கி ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்தார், சேற்றில் சறுக்கினார், எல்லோரும் சிரித்தார்கள். டீ குடித்தோம், கிளம்பினோம். நடந்தது அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் படம் எடுத்தேன். பத்திரிகையில் என் கட்டுரை வந்தபோது படத்துக்குக் கீழே ஒரு வரி கேட்டார்கள். "உப்பளப் பெண்களின் போராட்டத்துக்குத் தோள்கொடுக்கும் அயல்நாட்டுத் தோழி" என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது அங்கே போராட்டம் எதுவும் இல்லை. வரி நன்றாக இருந்தது, எழுதினேன்.

போராட்டம் மே மாதத்தில்தான் வந்தது. உப்பளத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஒரு கம்பெனி குறுக்கே வேலி போட்டது. விடியுமுன் வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மனு கொடுத்தார்கள், பதில் இல்லை. சுதந்திர தினத்தன்று கூடும் கிராம சபையில், பாதையைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். சபையின் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை யாரும் லேசில் தட்டிக்கழிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. படிக்க வேண்டியவர் அருள்மேரி. கேள்விப்பட்டதும், நானும் வருகிறேன் என்று நானாகவே அவரிடம் சொன்னேன்.

7.15. அருள்மேரி வீடு பூட்டியிருந்தது. அவரோடு உப்பளத்தில் வேலை செய்யும் காந்திமதி எதிர் வீட்டிலிருந்து வந்தார்.

"மேரிய ஸ்டேஷனுக்குக் கூட்டினு போயிட்டாங்க சார். ஆறு மணிக்கு ரெண்டு லேடி போலீஸ் வந்தாங்க. இன்னிக்கு மாதா திருநாளு இல்ல, பூசைக்குக் கட்டின பொடவையோடவே போயிடுச்சு."

"என்ன காரணம் சொன்னாங்க?"

போனைத் திறந்து காட்டினார். என் படம், என் வரி. அதன் மேல் யாரோ சிவப்பு எழுத்தில் 'அந்நியக் கைக்கூலி' என்று சேர்த்திருந்தார்கள்.

"இந்த வெள்ளக்காரிகிட்ட காசு வாங்கினு ஊரத் தூண்டி வுடுதாம். ஊர் குரூப்ல நாலு நாளா சுத்துது."

"இத எடுத்தது நான்தாங்க."

"தெரியும் சார்," என்றார்.

9.00. பள்ளி மைதானத்தில் கொடியேற்றம். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரமுகர் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். "அன்னிக்கு உப்புக்கு வரி போட்டான் வெள்ளைக்காரன். இன்னிக்கு நம்ம பொம்பளைங்கள வெச்சே நம்ம வளர்ச்சியத் தடுக்கிறான்." அந்தப் படத்தின் பெரிய பிரதியைத் தூக்கிப் பிடித்தார். "யாரு இந்த அம்மா? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

எனக்குத் தெரியும். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. சுற்றிலும் போலீஸ் நின்றது, பயமாக இருந்தது. அதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று வந்தது.

9.50க்குக் காவல் நிலையம் போனேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி காட்டினார்.

"அந்தக் கட்டுரை நீங்க எழுதுனதுதான சார்? நல்லா எழுதியிருக்கீங்க."

"படத்துக்குக் கீழ இருக்கிற வரி பொய் சார். நான் அழகுக்குச் சேர்த்தது. அந்த அம்மா டூரிஸ்ட். மார்ச்லயே ஊருக்குப் போயிட்டாங்க."

"விசாரிச்சிட்டோம். தெரியும்."

"அப்புறம் எதுக்கு அருள்மேரிய உட்கார வெச்சிருக்கீங்க?"

"கேஸ் எதுவும் கெடையாது சார். கூட்டம் முடிஞ்சதும் அனுப்பிடுவோம்."

உள்ளே பெஞ்சில் அருள்மேரி உட்கார்ந்திருந்தார். நீலப் பட்டுப் புடவை, கையில் தீர்மானம் எழுதி நான்காக மடித்த தாள். அதைக் கொடுங்கள், காந்திமதி படிக்கட்டும் என்றேன். நீட்டினார். பக்கத்தில் நின்ற பெண் காவலர், "எதுவும் கைமாத்தக் கூடாது சார்" என்று தடுத்துவிட்டார்.

11.00. கிராம சபை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. நான் அந்த ஊர் வாக்காளர் இல்லை என்பதால் பந்தலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு. "வேற ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்தியவர். உப்பளத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காந்திமதி பாதி எழுந்தார். பின்னால் நின்ற காவலர் ஓரடி முன்னால் வந்தார். காந்திமதி உட்கார்ந்துவிட்டார். பதிவேடு சுற்றி வந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பாதையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

12.30க்கு அருள்மேரியை விட்டார்கள். வீட்டு வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தம்மா பாவம் சார். என் கால்ல வெடிப்பப் பாத்துட்டு எண்ண தடவச் சொன்னாங்க. அவங்களப் போய் மைக்ல அப்படிப் பேசிட்டாங்களாமே," என்றார்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புகிறேன், கலெக்டரைப் பார்க்க நானும் கூட வருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அடுத்த கிராம சபை அக்டோபர் ரெண்டு. நான்தான் படிப்பேன். நீங்க வராதீங்க சார். அதுவரைக்கும் எங்களப் பத்தி எதுவும் எழுதவும் வேணாம்." கோபமே இல்லாமல் சொன்னார். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திரும்பும் பேருந்தில் சென்னையில் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். குடியிருப்போர் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்காக நான் எவ்வளவோ கத்தியிருக்கிறேன். யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அக்டோபர் இரண்டு வரை இதை எழுதாமல் வைத்திருந்தேன். அருள்மேரி, காந்திமதி என்பவை அவர்களின் உண்மைப் பெயர்கள் அல்ல. தீர்மானம் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. அருள்மேரியின் எண் என்னிடம் இருக்கிறது. என்னோடு பேசியதையும் ஒரு குற்றமாக யாராவது எழுதிவைப்பார்களோ என்று நான் கூப்பிடவில்லை.