பன்னீர் குடித்த சர்வர்

வாசுகிக்குக் குமட்டல் வராத கம்ப்யூட்டர் ஜொகூரில் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராததாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருடமாக அவளுக்கு ரிப்பேர் வேலை. ஸ்கூடாயில் மாணவர்கள் தங்கியிருந்த ஒரு வீட்டில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள், மீகோரெங் நூடுல்ஸ் துண்டுகள் கொட்டின. தெப்ராவில் ஒரு பட்டறைக் கம்ப்யூட்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. பல்லி முட்டைக்கெல்லாம் கணக்கே கிடையாது. அத்தனையையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சுத்தம் செய்தாள். வேலை நாளில் கையால் சாப்பிட மாட்டாள், எதுவானாலும் கரண்டிதான். “இவ ரிப்பேருக்குப் போறாளா, ஆபரேஷன் பண்ணப் போறாளா?” என்று கணவன் செல்வா கேலி செய்வான். பையில் கையுறை, இடுக்கி, பிரஷ், ஸ்பிரிட் பாட்டில் எல்லாம் இருக்கும். நாற்பத்து மூன்று வயதாகியும் அழுக்கு அவளுக்குப் பழகவில்லை. பழகவும் வேண்டாம் என்று இருந்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை செனாயிலிருந்து போன் வந்தது. அய்யாவு என்பவருடைய பஸ் கம்பெனி. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் நாற்பது பஸ்கள் அவருக்கு. எந்த பஸ் எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் முழுவதும் ஒரே ஒரு சர்வரில் இருந்தது. அந்த சர்வர் உயிர் பெறவில்லை. மத்தியான ஷிப்ட் பஸ்கள் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

பத்து மணிக்கு வாசுகி போய்ச் சேர்ந்தாள். அலுவலகம் மாடியில். படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. மடியில் கைப்பை, சோற்று டப்பா, ஒரு குடை. சாமான்களோடு கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“நீங்க சர்வர் பாக்க வந்தீங்களாக்கா?” என்றாள் அவள். “சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. பாஸ் அமுக்கச் சொன்னாரு, அமுக்கினேன்.”

அவள்தான் மலர். சர்வரையும் பட்டியலையும் மூன்று வருடமாகக் கவனித்து வருபவள்.

அய்யாவு நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய வருத்தமுமாக வாசுகியை வரவேற்றார். “வாங்க தங்கச்சி. மூணு வருஷமா நிக்காம ஓடின சிஸ்டம். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் ரெஸ்ட் குடுக்கணும்ல? முந்தாநாள் ராத்திரி நானே ஆஃப் பண்ணி, பொட்டு வச்சி, மாலை போட்டேன். இன்னிக்குக் காலையில நல்ல நேரம் பாத்து இந்தப் பொண்ண ஆன் பண்ணச் சொன்னேன். அலமாக், பொட்டுச் சத்தம் இல்ல லா.”

“பாக்கறேண்ணே. அந்தப் பொண்ணு ஏன் வெளிய உக்காந்திருக்கு?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “டிரைவருங்க, கிளார்க்குங்க எல்லாரும் இருக்கறப்பவே கேட்டேன். இந்த மாதிரி நாளா இருந்தா சொல்லிரும்மான்னு. தலையக் குனிஞ்சிக்கிச்சி. அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சி. பூஜை பண்ணின ரூமுக்குள்ள தீட்டோட வந்து கை வச்சா, எப்படி ஓடும் சொல்லுங்க? வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.”

வாசுகி பையைத் திறந்து கையுறையைத் தேடினாள். இருபது ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தி வாய் கூசாமல் அதைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு இப்போது தியாகம் செய்தவர் மாதிரி பெருமூச்சு வேறு விடுகிறார். எலிக் குட்டி எவ்வளவோ தேவலை, அதற்குப் பேச வராது. வாசுகி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சர்வர் அறையில் காலடி வைத்ததும் முகமூடியையும் மாட்டினாள். ஏர்கோன் போட்ட குளிரில் பழைய பூவும் புளித்த பழமும் நாறின. சர்வர் பெட்டியின் தலையில் வாடிய மாலை, பக்கத்தில் பஞ்சாமிர்தக் கிண்ணம், அதைச் சுற்றி எறும்பு. பட்டனைச் சுற்றி அப்பியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. “எடுங்க இதையெல்லாம்” என்றாள். அய்யாவு சாமி சாமான் என்று தயங்கினார். அவள் நகராமல் நின்றாள். அவரே எடுத்தார்.

முதலில் சுவர் பிளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தாள், எரிந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை. இந்த ரக சர்வருக்குப் பின்பக்கம் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். இப்போது இரண்டிலுமே விளக்கு இல்லை. இரண்டும் ஒன்றாகச் சாவது அபூர்வம்.

“தங்கச்சி, இதப் பாருங்க” என்று அய்யாவு போனை நீட்டினார். “எவ்வளவு பக்தியா பண்ணினேன்னு நீங்களே பாருங்க. என் மேல குத்தமே சொல்ல முடியாது.”

வீடியோவில் அய்யாவு பட்டு வேட்டி கட்டி, பன்னீர்ச் செம்பைத் தூக்கிப் பிடித்து, சர்வரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் நாலு உதறு. பின்பக்கம், சரியாகப் பவர் சப்ளையின் கம்பி வலைக்கு நேரே, மனசு நிறையப் பத்து உதறு.

“சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணீங்களாண்ணே?”

“பட்டன்தான் ஆஃப் பண்ணிட்டேனே.”

“பட்டன ஆஃப் பண்ணாலும் பின்னால கரண்டு வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

ஒயர்களைப் பிடுங்கினாள். வலது பக்கப் பவர் சப்ளையை உருவியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. ரோஜா வாசனையும் கருகிய பிளாஸ்டிக்கும் கரப்பான் வாடையும் ஒன்றாய்க் கலந்த நாற்றம். முகமூடிக்குள்ளேயே ஓங்கரித்தாள். உள்ளே பிசுபிசுவென்று கறுத்த கோடு. அதில் ஒட்டி வெந்து போன கரப்பான்கள் மூன்று. இடுக்கியால் ஒன்றின் மீசையைப் பிடித்துத் தூக்கி, வெள்ளைத் தாளில் அய்யாவுக்கு நேராக வைத்தாள்.

“இதுதாண்ணே தீட்டு. உங்க பன்னீர் உள்ள போயி ஷார்ட் ஆயிருச்சி. செத்த சப்ளை, நல்லா இருந்த இன்னொண்ணையும் சேத்து அமுக்கி வச்சிருச்சி. அந்தப் பொண்ணு கை வைக்கறதுக்கு முன்னாடியே இது செத்தாச்சி.”

அய்யாவு தாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தன் போனைப் பார்த்தார். “பன்னீர் சுத்தமான சாமானாச்சே” என்றார்.

கெட்டுப் போனதை வெளியே வைத்துவிட்டு, நல்லதின் முனைகளை ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்தாள். பட்டனைச் சுற்றி இருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். காய்ந்ததும் நல்லதை மட்டும் செருகி ஒயரைக் கொடுத்தாள். பின்னால் சின்னதாய் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. இனி முன்பக்க பட்டன்தான் பாக்கி.

“இருங்க இருங்க!” அய்யாவு சூடத்தட்டோடு ஓடி வந்தார். “இத ஒரு சுத்து காட்டிட்டு அமுக்குங்க. அப்புறம்... தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. நீங்க சுத்தமாத்தான இருக்கீங்க?”

இரண்டரை மணி நேரம் இவருடைய அசிங்கத்தில் கை விட்டுத் துழாவியவளைப் பார்த்துக் கேட்கிறார். கரப்பானிடம் வராத கோபம் வாசுகிக்கு அப்போது வந்தது.

“எனக்கு இன்னிக்கு ரெண்டாவது நாள், மிஸ்டர் அய்யாவு” என்றாள் சத்தமாக, கையுறையைக் கழற்றிக்கொண்டே. அவர் ஓரடி பின்வாங்கினார். வெறும் விரலால் அழுத்தினாள். விசிறிகள் உறுமிக் கிளம்பின. கதவோரம் நின்ற டிரைவர்கள் கைதட்டினார்கள்.

திரை வெளிச்சமாகி, பாஸ்வர்ட் கேட்டது.

அய்யாவுக்குத் தெரியாது. கிளார்க்குகளுக்கும் தெரியாது. மணி ஒன்றாகப் போகிறது. “அந்தப் பொண்ண எழுதிக் குடுக்கச் சொல்லு” என்று அய்யாவு ஒரு டிரைவரைப் படிக்கட்டுக்கு அனுப்பினார்.

டிரைவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பின்னாலேயே மலர் வந்தாள். கைப்பை, சோற்று டப்பா, குடை சகிதம் கதவுக்கு வெளியே நின்றாள்.

“பாஸ்வர்ட எழுதி வைக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, பாஸ். எழுத மாட்டேன். நானே வந்து அடிச்சித் தரேன். உள்ள வரலாமா?”

அய்யாவு தரையைப் பார்த்து என்னவோ முனகினார்.

“கேக்கல, பாஸ்.”

“வா.”

மலர் வாசுகியைப் பார்த்தாள். வாசுகி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

“காலையில எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான என்னைக் கேட்டீங்க” என்றாள் மலர். “இதையும் அதே மாதிரி சொல்லுங்க.”

கடிகார முள் ஒன்றைத் தாண்டியது. டிரைவர்களில் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை.

“உள்ள வாம்மா, மலர்!” என்றார் அய்யாவு. கீழே பஸ் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு அது கேட்டது.