ஒன்பது வீட்டுக்கு ஒரே நம்பர்

தேயிலைத் தோட்டத்தில் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தி வங்கியில் போடத் தொடங்கியபோது, படிவத்தில் போன் நம்பர் கேட்டார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் ஒன்பது வீட்டார் என் நம்பரையே எழுதினார்கள். நான் ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்பவன். சிங்களமும் இங்கிலீசும் வாசிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

சம்பளம் விழும் நாளில் மெசேஜ்கள் வரிசையாக வரும். சாயங்காலம் பீலியடியில் தண்ணீர் பிடிக்கக் கூடியிருப்பவர்கள் நடுவே நின்று, யாருக்கு எவ்வளவு விழுந்தது, மிச்சம் எவ்வளவு என்று உரக்க வாசிப்பேன். யாரும் தடுத்ததில்லை. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் லயத்தில் இது மட்டும் என்ன இரகசியம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சம்பள நாளில் பீலிக்கு வரமாட்டார். நான் பஸ்சை விட்டு இறங்கும் இடத்தில் காத்திருந்து, மெதுவாகக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்; அதனால் அவருடையதைப் பீலியடியில் வாசித்ததில்லை. ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணவர் வந்தார்.

"தம்பி, வீட்டுக்காரி கணக்குல இன்னும் ஏதாச்சும் கெடக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் போனைப் பார்த்து ரூபாய் சதத்தோடு சொன்னேன். அவர் முகம் மாறிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அக்கா.

மகளின் தாதியர் பயிற்சிக்குக் கண்டியில் கட்டவேண்டிய பணம் அது. குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல், நாலு வருடமாக மாதாமாதம் கொஞ்சம் எடுக்காமல் விட்டுவைத்திருந்தார். அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப்பக்கம் அடி விழுந்தது. நான் போய்த் தடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. அக்காவின் கார்டைப் பிடுங்கிக்கொண்டு புருஷன் மஸ்கெலியா ஏ.டி.எம்முக்குப் போய்ப் போய் வந்தார். மூன்றே நாளில் கணக்கு காலி. ஒவ்வொரு முறை எடுத்ததும் மெசேஜ் எனக்குத்தான் வந்தது.

அடுத்த மாதம் மகள் கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதிந்தாள்.

குற்றவுணர்ச்சி தாங்காமல், நம்பரையாவது மாற்றிவிடலாம் என்று அக்காவை வற்புறுத்தி வங்கிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் படிவத்தை நீட்டி வேறு நம்பர் கேட்டார். அக்காவிடம் போன் இல்லை, மகளிடமும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் புருஷனுடையது. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஒங்க நம்பரே இருக்கட்டும் தம்பி," என்றார். "எனக்கு வேற யாரு இருக்காங்க."