பால்குடிப் பிள்ளையின் வயிற்றில் கறித்துண்டு

இன்று காலை கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி வந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு கணவன், மனைவி. மனைவியின் மடியில் நாலு மாதக் குழந்தை துவண்டு கிடந்தது.

கணவர் போனில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார்.

"போலி ஜரிகைய என் தலையில கட்டப் பாக்குறியா? உரசிப் பாக்காம நான் ஒரு புடவ எடுத்ததில்ல!"

கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்ததும், "குழந்தைக்கு என்னங்க?" என்று கேட்டேன்.

"நேத்துலேர்ந்து பேதிங்க. டாக்டரு ஒரு ஊசி கூட போடல. இந்தப் பேதிக்கு ஆன்டிபயாடிக் வேணாம்னு ஆராய்ச்சி சொல்லுதாம். உப்புக்கரைசல் பாக்கெட்டும் ஜிங்க் மருந்தும் குடுத்து அனுப்பிட்டாரு. ஆராய்ச்சியாம், பெரிய ஆராய்ச்சி!"

அந்த பாக்கெட் பிரிக்கப்படாமல் பையிலேயே இருந்தது.

"அதான் ஜல்தியா போயி வயித்துல சிக்கினத எடுக்குற வைத்தியருகிட்ட தொக்கம் எடுத்துகினு வரோம். வயித்துல குழல வெச்சு உறிஞ்சினாரு பாருங்க, உள்ள சிக்கிகினு இருந்த கறித்துண்டு வெளிய வந்துடுச்சு!"

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "குழந்தைக்கு என்னம்மா குடுக்குற?"

"தாய்ப்பால் மட்டுந்தாங்க. தண்ணி கூட..."

சொல்லி முடிக்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். "எங்க போற? அதான் எடுத்தாச்சே!" என்று கத்திக்கொண்டே கணவர் பின்னால் ஓடினார்.

பல்லே முளைக்காத பிள்ளை கறி தின்றது எப்படி? ஜரிகையை மட்டும் உரசிப் பார்க்கும் அறிவாளிகள் யாராவது கமெண்டில் விளக்கவும்.